லாந்தரை இறக்கச் சொன்ன இரவு

ஏடனில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் லீவில் வந்தபோது ஒரு போட்டோவைக் காட்டினான். அந்தப் படம்தான் என்னைக் கெடுத்தது என்று சொன்னால் பழியை அவன்மேல் போட்டதாகும். கெடுவதற்கு நான் தயாராகவே இருந்தேன். படம் ஒரு சாக்கு.

படத்தில் மணல் மேடுகள். மேலே வானம் முழுவதும் வட்டம் வட்டமாகக் கோடுகள், குளத்தில் கல் எறிந்தால் விரியும் அலைகளைப் போல. இரவில் காமிராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டால் பூமி சுழலச் சுழல ஒவ்வொரு நட்சத்திரமும் கண்ணாடித் தகட்டில் ஒரு கோடு இழுக்கும்; துருவ நட்சத்திரம் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நடுவில் நிற்கும். இதைக் கரும்பலகையில் வரைந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அவனோ, "இதுக்கெல்லாம் பாலைவனம் வேணுங்க சார். நம்மூருல ஆகாதுங்க" என்றான்.

அவன் சொன்னது கோயம்புத்தூரைப் பொறுத்தவரை சரி. பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்ததிலிருந்து என் வீட்டு மாடியில் வானம் வெளுத்துவிட்டது. கிருத்திகையின் ஆறு மீனையும் எண்ணிய இடத்தில் இப்போது ஒரு புகைத் திட்டு தெரிகிறது. போதாததற்கு மில் புகை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு இரவு நீளம். நான் மாடியில் நடப்பேன், இறங்குவேன், மறுபடி ஏறுவேன். "படி தேஞ்சுபோகுமுங்க" என்பாள் என் மனைவி.

எனக்குத் தெரிந்த ஒரு பாலைவனம் இருந்தது. தாராபுரத்துக்குக் கிழக்கே மழை பொய்த்துக் கிடந்த மேட்டு நிலம். மணல்தான் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. சித்திரை அமாவாசைக்குப் புறப்படுவதென்று முடிவு செய்தேன். அமாவாசையில் நிலா இராது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்ததால் காமிராவைத் தாங்கும் முக்காலியும் ஆடாது. இத்தனையும் யோசித்தவன், அந்த நிலத்தில் மனிதர்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

தனியாகப் போகக்கூடாது என்று என் மனைவி தன் தம்பி சென்னியப்பனைத் துணைக்கு அனுப்பினாள். பஞ்சுத் தரகு செய்கிறவன், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய பசி. நட்சத்திரத்தில் அவனுக்கு அக்கறை இல்லை. தாராபுரத்தில் ஒரு காபி கிளப்பில் தோசை நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் காமிராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் ஏறினால் தகட்டின் பூச்சு இளகும் என்ற பயத்தில் அதன்மேல் குடையையும் விரித்தேன். எதிர் வரிசையில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பல்லடம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாள்.

"ஏனுங்க, பொட்டிக்கு வேர்க்குதுங்களா?"

"பாட்டுப் பொட்டிங்க" என்றான் சென்னியப்பன். "சாவி தொலைஞ்சுபோச்சு."

"அதுக்கென்னங்க, வாயில பாடுங்க. ஊரு வரைக்கும் பொழுது போகும்."

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது எழுதும்போது கூசுகிறது.

பல்லடம் தாண்டியதும் என்ஜின் கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கி ஒரு வேலமரத்தின் அரை நிழலில் ஒதுங்கினோம். டிரைவர் டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனார். நானும் இருப்புக் கொள்ளாமல் பின்னால் போனேன். அங்கே ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே பேசினாள்.

"மனுசனுக்கு ஒரு கொடம், மாட்டுக்கு ஒரு கொடம். உங்க மோட்டாரு எந்தக் கணக்குலீங்க வருது?"

"மாட்டுக் கணக்குலயே வெச்சுக்கங்க அம்மணி" என்றார் டிரைவர். "இதுவும் முக்குது, மொனகுது, நடுத்தடத்துல படுத்துக்குது. சாணி ஒண்ணுதான் போடறதில்லை."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபின் கொடுக்காமல் இருக்க முடியாது. அரைக் குடம் சாய்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அமாவாசை மறுநாள்தான். இருந்தும் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல் இருந்தது.

தாராபுரத்தில் அமராவதி மணலாகக் கிடந்தது. பெண்கள் ஆற்றின் நடுவில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காபி கிளப்பில் சென்னியப்பன் தோசைக்கு மேல் தோசையாக வரவழைத்தான். பக்கத்து மேஜையில் இரண்டு வியாபாரிகள். நாங்கள் எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"மழை எங்கீங்க போச்சு?" என்றார் ஒருவர், எங்களுக்குக் கேட்கும்படியாக.

"அது கோயமுத்தூருல குடியேறிப்போச்சுங்க" என்றார் மற்றவர். "அங்க கொழாயைத் திருகுனா வருதாம்."

சிறுவாணித் தண்ணீரைச் சொல்கிறார்கள். சென்னியப்பன் வாய் நிறையத் தோசையோடு, "ஆமாங்க, ஆனா சட்னி இங்கதான் நல்லாருக்குது" என்று சமாதானம் செய்தான். நான் பாதியில் கை கழுவினேன். அன்றிரவு சத்திரத்தில் அவன் குறட்டை விட்டான். நான் முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்தேன்.

மறுநாள் ஒரு சவாரி வண்டி பேசிக் கிழக்கே போனோம். பாதி வழியில் கடையாணி எங்கோ விழுந்துவிட, இடது சக்கரம் கழன்று, எங்களுக்கு முன்னால் தானாக உருண்டு போய்ப் பள்ளத்தில் படுத்தது.

"நம்மளவிட அதுக்கு அவசரமுங்க மச்சான்" என்றான் சென்னியப்பன், சரிந்த வண்டிக்குள்ளிருந்து.

வண்டிக்காரர் ஒரு வேலங்குச்சியைச் செதுக்கிக் கடையாணியாகச் செருகினார். அந்த நேரத்தில் நான் நிலத்தைப் பார்த்தேன். கிளுவை வேலிகள் எலும்பாக நின்றன. காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் நிலங்களில் புல்லின் வேர்கூட இல்லை. வண்டித்தடம் புழுதி மூடி, எங்கே தடம் எங்கே காடு என்று சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே செம்மண். ஆங்காங்கே மண் மேடுகள். பக்கத்தில் போனால்தான் மேட்டை ஒட்டிக் குழி தெரியும். தண்ணீருக்காக வெட்டத் தொடங்கி, பாறை கண்டதும் கைவிட்ட கிணறுகள்.

"அரைக்கெணறுங்க" என்றார் வண்டிக்காரர். "இக்கட்ட ஒவ்வொரு காட்டுலயும் ஒண்ணு இருக்குது. பகல்ல பரவாயில்லீங்க. பொழுது போனா நான் இந்தப் பக்கம் வண்டி ஓட்ட மாட்டனுங்க."

அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் பாலைவனம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். பிறர் பசியைப் பார்த்து மனதுக்குள் கைதட்டியவன் நான்.

பிறகு அந்தப் பனையைக் கண்டேன். தலை போன மொட்டைப் பனை. சுற்றிலும் ஒன்றுமில்லாத வெளியில் ஒரு தூண் போல நின்றது. நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். பனைக்குத் தெற்கே சரியான தூரத்தில் காமிராவை வைத்தால் பனையின் உச்சியில் துருவம் உட்காரும். அதைச் சுற்றி வானமே சுழலும். ஏடன் படத்தில் இப்படி ஒரு பனை இல்லை. வண்டியிலிருந்து குதித்துவிட்டேன்.

அந்தப் பனை நின்றது அருக்காணியின் வீட்டு வாசலுக்கு எதிரில். நாங்கள் தங்குவதாக இருந்ததும் அவள் வீட்டில்தான். சென்னியப்பனுக்குப் பங்காளி வகையில் தங்கை முறை. அவள் கல்யாணத்துக்கு அவன் வந்திருக்கிறான். "பந்தியில போட்ட ஒப்புட்டு இன்னும் நாக்குல நிக்குதுங்க மச்சான். மாப்பிள்ளை பேருதான் மறந்துபோச்சு. இப்பக் கேட்டா மானம் போயிரும். நீங்களும் கேட்டுப் போடாதீங்க" என்று வழியிலேயே எச்சரித்திருந்தான்.

"வாங்க அண்ணா, வாங்க மாமா" என்று வந்தாள் அருக்காணி. முப்பது வயதிருக்கும். வெயிலில் உலர்ந்த முகம், அதில் சிரிப்பு. கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சென்னியப்பன் இரண்டு பெருவிரலை நனைத்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். நான் சொம்பைக் கவிழ்த்து, முழங்கால் வரை கழுவினேன். அவள் பார்வை தரையில் ஓடிய ஈரத்தோடு போய்த் திரும்பியது. முகம் மாறவில்லை.

விருந்தாளிகள் என்று நெல்லரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள், கொள்ளு ரசம் வைத்தாள். தனக்கு மூலையில் கம்பங்கூழ் மூடி வைத்திருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை எங்கம்மணி?" என்றான் சென்னியப்பன், பேரை லாவகமாகத் தாண்டி.

"உடுமலைப் பக்கம் சோளத்தட்டுக்குப் போயிருக்காங்க அண்ணா. மாட்டுக்கு இங்க ஒரு துரும்பு இல்லீங்க. பகல்ல வெயிலு தாங்காதுன்னு ராத்திரிதான் வண்டி ஓட்டுவாங்க. இன்னிக்கு வந்துருவாங்க."

பொழுது இறங்கியதும் அவள் ஒரு லாந்தரைத் துடைத்துப் பற்றவைத்தாள். பனையின் உச்சியில் ஒரு கப்பி கட்டியிருந்தது. கயிற்றை இழுத்தாள், லாந்தர் மெல்ல ஏறிப் பனையின் தலையில் போய் நின்றது. தடம் தெரியாத அந்தக் காட்டில் புருஷன் வண்டியைத் திருப்ப வேண்டிய அடையாளம் அது. விளக்கை நேரே பார்த்து ஓட்டினால் வாசல் வரும். விளக்கு இல்லாவிட்டால் அரைக்கிணறுகள்.

இதையும் அவள்தான் எனக்குச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நான் காமிராவை நிறுத்தியிருந்தேன். பனையின் உச்சியில் துருவம் இருக்க வேண்டிய இடத்தில் லாந்தர் எரிந்தது. அதை வைத்துக்கொண்டு படம் எடுத்தால் தகடு முழுவதும் வெளுத்துப்போகும். அவளைக் கூப்பிட்டேன்.

"அம்மணி, அந்த லாந்தரைச் சித்தெ நேரம் எறக்கி வெச்சுக்கலாமா? ஒரு ரெண்டு மணி நேரம். வீட்டுக்குள்ளயும் வெளக்கு வேண்டாம். படம் எடுத்ததும் ஏத்திக்கலாம்."

அவள் மேற்கே பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஆகட்டுங்க…" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்கும் 'ஆகட்டுங்க'தான். சொல்லிக்கொண்டே எழுந்து காரியத்தைத் தொடங்கினால் அது சம்மதம். குரல் இறங்கி, முகம் வேறு பக்கம் திரும்பி, சொல்லின் கடைசி இழுபட்டால் அது மறுப்பு. அப்போது கேட்டவர்தான், "சரி, வேண்டாம் விடு அம்மணி" என்று சொல்லித் தன் கோரிக்கையைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடுகளில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் இது தெரியும்.

எனக்கும் தெரிந்தது. அவள் அசையாமல் நின்றாள், நான் எடுத்துக்கொள்வேன் என்று காத்துக்கொண்டு. சென்னியப்பன்கூட, "வேண்டாமாட்ட இருக்குதுங்க மச்சான்" என்று முணுமுணுத்தான். நான் அவனைப் பார்க்காமல், படித்த மனிதனின் குரலில், "ரொம்ப சந்தோஷம் அம்மணி. நட்சத்திர வெளிச்சமே மாட்டுக்குப் போதும்" என்றேன்.

அவளே போய்க் கயிற்றை இறக்கி லாந்தரை ஊதி அணைத்தாள்.

இருட்டு வந்த வேகத்தில் வானம் கீழே இறங்கியது. நான் வாழ்நாளில் அப்படி ஒரு வானம் பார்த்ததில்லை. காமிராவின் மூடியை எடுத்தேன். ஒரு துளிக் காற்று இல்லை. சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலில் படுத்து மேலே பார்த்து, "இத்தனையும் எங்கீங்க இருந்துது?" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏதோ நான் விதைத்தவை போல.

அருக்காணி வாசலில் மேற்குப் பார்த்து உட்கார்ந்தாள். நான் காமிராவைச் சுற்றி நடந்தேன். அவள் ஒருமுறை வந்து, "மாமா, ஆச்சுங்களா?" என்றாள். "இன்னும் சித்தெ நேரம்" என்றேன். நான் சொன்ன இரண்டு மணி நேரம் முடிந்தது. கோடுகள் இன்னும் கொஞ்சம் நீண்டால் நன்றாக வில்லாக வளையும் என்று மனம் கணக்குப் போட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் கடிகாரம் இல்லை.

பிறகு மணிச் சத்தம் கேட்டது. மேற்கே, மெலிதாக, இரண்டு மாட்டின் கழுத்து மணிகள். அவள் எழுந்து நின்றாள். சத்தம் நெருங்கியது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வடக்கே சரிந்தது.

"மாமா, லாந்தரு பத்த வெச்சுக்கட்டுங்களா?" அப்போதும் கேட்கத்தான் செய்தாள்.

"சத்தம் பக்கத்துலதான கேக்குது அம்மணி. வந்துருவாங்க. ஒரு அஞ்சு நிமிஷம்."

"மச்சான், மூடியைப் போடுங்க!" என்று கட்டிலிலிருந்து எழுந்துவிட்டான் சென்னியப்பன்.

மணிச் சத்தம் பனையைத் தாண்டி வடகிழக்கே போய்க்கொண்டிருந்தது. "ஏனுங்கோ…!" என்று அருக்காணி கூவினாள். "ஏனுங்கோ, இக்கட்டங்கோ!" 'இந்தப் பக்கம்' என்ற அந்தக் கூவல் சக்கரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் தன்னைத்தான் என்று யார் திரும்புவார்கள்?

"பேரச் சொல்லிக் கூப்புடு அம்மணி!" என்று கத்தினான் சென்னியப்பன். "எனக்குப் பேரு மறந்துபோச்சு, நீ சொல்லு, நான் கூப்புடறேன்!"

புருஷன் பேரைச் சொல்லாத வீடுகள் எங்களுடையவை. ஜனக்கணக்கு எடுக்கிறவன் கேட்டாலும் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுச் சொல்ல வைப்பார்கள். அருக்காணியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"நாச்சிமுத்தூ…!"

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. காடு முழுக்கப் போனது. போய்ச் சேர்ந்த அதே நேரத்தில் மரம் முறியும் சத்தம், ஒரு மாட்டின் அடிவயிற்றுக் கதறல். பிறகு ஒரு மணி மட்டும் ஆடியது.

தீக்குச்சி அவள் கையில் இரண்டு மூன்று தடவை முறிந்தது. லாந்தர் பற்றியதும் ஓடினாள், காமிராவுக்கு முன்னாலேயே, பனையைக் கடந்து வடகிழக்கே. சென்னியப்பன் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். நான் ஒரு கணம் நின்றேன். மூடியைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று நின்றேன். அந்தக் கணத்தை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை. பிறகு மூடாமலே ஓடினேன்.

வண்டியின் ஒரு சக்கரம் அரைக்கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. வலது பக்கத்து மயிலைக் காளை நுகத்தோடு தொங்கிக் கழுத்து முறிந்து செத்துக்கொண்டிருந்தது. அதன் ஜோடி கரையில் மண்டியிட்டு நடுங்கியது. நாச்சிமுத்து சோளத்தட்டுக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தார். உயிர் இருந்தது, கணுக்கால் திரும்பிப் போயிருந்தது. அவரைத் தூக்கியபோது அவர் பார்த்தது தன் காலை அல்ல. "மயிலை… மயிலை…" என்றார்.

அவரைக் கிடத்தக் கயிற்றுக் கட்டிலை எடுத்து வர ஓடியபோது, போகிற போக்கில் காமிராவின் மூடியைப் போட்டேன். விடிந்ததும் பக்கத்து ஊரிலிருந்து எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவர் போனபின் நாச்சிமுத்து கட்டிலில் சாய்ந்தபடி மனைவியைக் கூப்பிட்டார்.

"லாந்தரு என்ன புள்ளே ஆச்சு?"

நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். அருக்காணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"காத்துல அணைஞ்சுபோச்சுங்க."

"காத்தா? உடுமலையிலிருந்து வாரேன், ஒரு பொட்டுக் காத்தக் காணமே."

"இங்க அடிச்சுதுங்க."

"தூங்கிப்போட்டே, அதச் சொல்லு." அவர் குரல் உயரவில்லை. "ஒரு லாந்தரப் பாத்துக்க முடியில உனக்கு. மயிலையக் கன்னுக்குட்டியிலிருந்து வளத்துனது. தூங்கிப்போட்டே."

"ஆமாங்க" என்றாள் அருக்காணி. "கண்ணசந்துபோச்சுங்க."

வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் புருஷன் முன்னால் குற்றவாளியாக நிறுத்தக் கூடாது என்பதற்காக அவள் அந்தப் பழியை எடுத்துக்கொண்டாள். சென்னியப்பன் என்னைப் பார்த்தான். நான் பேச வேண்டும் என்று காத்திருந்தான். மூத்தவன் இருக்கும்போது அவன் முந்த மாட்டான். நான் வாயைத் திறந்தேன். "வண்டி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

நாச்சிமுத்து அப்போதுதான் என்னைக் கவனித்தவர்போல் நிமிர முயன்றார். "ஒறம்பரையா வந்த எடத்துல உங்களுக்கு இப்பிடி ஒரு செரமமுங்க. ராத்திரி தூக்கங்கூட இல்லாமப் போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

வண்டி வந்தது. தாராபுரத்தில் காபி கிளப்பைத் தாண்டி நடந்தபோது சென்னியப்பன், "நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சனுங்க" என்றான். அவன் சாப்பிடாமல் பஸ் ஏறியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து தகட்டைக் கழுவினேன். விழாமல் போயிருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். அற்புதமாக விழுந்திருந்தது. பனையின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வில் போன்ற கோடுகள், ஒரு மயிரிழை பிசிறில்லாமல். கீழே பனையைக் கடந்து ஒரு தடித்த கோடு, கோணல் மாணலாக, இடது ஓரத்தில் தொடங்கி வலப் பக்கம் ஓடி வெளியே போகிறது. வானத்துக் கோடுகள் எல்லாவற்றையும்விட அதுதான் பிரகாசம். அருக்காணி லாந்தரோடு ஓடிய வழி.

படத்தை யாருக்கும் காட்டவில்லை. தூங்கவும் முடியவில்லை. ஐப்பசியில் அந்தப் பக்கம் கடைசியில் மழை பெய்தது என்று கேள்விப்பட்டதும், படத்தை ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டேன். இந்தத் தடவை வழியில் எதுவும் பழுதாகவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. செம்மண் காட்டில் புல் முளைத்திருந்தது. அருக்காணியின் வாசலில் முள் படல் சாத்தியிருந்தது.

அடுத்த காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து சொன்னார். "அவுங்க ஆனியிலயே போயிட்டாங்களேங்க. ஒத்தை மாட்ட வெச்சுக்கிட்டு ஏரு ஓட்ட முடியுங்களா? அதையும் குடுத்துப்போட்டு, கோயமுத்தூருல ஏதோ மில்லுக்குப் போறம்னாங்க."

"நாச்சிமுத்து கால் எப்படி?"

"சாச்சுச் சாச்சு நடப்பாருங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அந்தப் புள்ளையத்தான் எல்லாரும் பேசிப்போட்டாங்க. தூங்கிப்போட்டு ஊட்டக் கெடுத்தவன்னு."

ஆகவே அவர்கள் என் ஊரில்தான் இருக்கிறார்கள். நான் வானம் தெரியவில்லை என்று குறைப்பட்ட அந்த மின் விளக்குகளுக்குக் கீழே எங்கோ இருக்கிறார்கள். எந்த மில் என்று சென்னியப்பனின் பங்காளிகளுக்கும் தெரியவில்லை. மில் வாசல்களில் ஷிப்டு விடும் நேரத்தில் போய் நிற்கிறேன். கூட்டம் பஞ்சுத் தூசியோடு வெளியே வருகிறது. காலைச் சாய்த்து நடக்கிற ஒரு மனிதரைத் தேடுகிறேன். நாச்சிமுத்து என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புகிறார்கள், அவர் இல்லை. இந்த வயதில் எல்லா மில்லுக்கும், எல்லா ஷிப்டுக்கும் போய் நிற்க என் கால்கள் ஒத்துழைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மில்லில் வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், காலைச் சாய்த்து நடக்கும் தாராபுரம் பக்கத்து நாச்சிமுத்து என்பவரை அறிந்தால், அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பக்கத்தில் அவர் மனைவியும் இருக்கும்போது படியுங்கள்.

காற்று அடித்திருந்தால் முக்காலி ஆடியிருக்கும், கோடுகள் கலைந்திருக்கும். தகடு என்னிடம் இருக்கிறது. எந்தக் கோடும் கலையவில்லை. லாந்தரை இறக்கச் சொன்னவன் நான். ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றவன் நான். அருக்காணி தூங்கவில்லை.